பூன் லே முதல் புக்கிட் தீமா வரை: ஒரு சிறு நிலையத்தின் வரலாறு

சிங்கப்பூர் வரைபடத்தில் பூன் லே என்னும் பெயர் இரண்டு இடங்களைக் குறிக்கின்றது. மக்கள் வழக்கில் பூன் லே என்பது அடுக்குமாடி வீடுகளும் அங்காடிகளும் பேருந்து நிலையமும் நிறைந்த குடியிருப்புப் பகுதி. நகரத் திட்ட வரைபடத்தின் எல்லைக் கோடுகளின்படியோ அக்குடியிருப்பு ஜூரோங் வெஸ்ட்டைச் சேர்ந்தது. திட்ட வரைபடம் பூன் லே என்று பெயரிட்டிருப்பது அதற்குத் தெற்கே, கடலோரம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டையை. கப்பல் பட்டறைகளும் கிடங்குகளும் உள்ள அந்நிலத்தில் குடியிருப்போர் இல்லை எனலாம். இரண்டுக்கும் பெயர் தந்தவர் ஒருவரே. சீனத்திலிருந்து இத்தீவுக்கு வந்து, ஹோ ஹோ பிஸ்கட் தொழிற்சாலையை நிறுவி, ஜூரோங் வட்டாரத்தில் பெருநிலங்களை வாங்கி ரப்பர் பயிரிட்ட வணிகர் சியூ பூன் லே அவர்.

பூன் லேக்கு ரயில் வந்தது எப்போது என்று கேட்டால், 1990ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் என்று எவரும் விடை கூறுவர். பெருவிரைவு ரயிலின் முதற்கட்டப் பணி பூன் லே நிலையம் திறக்கப்பட்ட அந்நாளில்தான் நிறைவெய்தியது. அதன் பின் 2009 வரை மேற்குத் திசையில் அதுவே கடைசி நிலையமாகவும் விளங்கியது. விடை சரியே, ஆயின் முழு விடை அன்று. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இரும்புத் தண்டவாளம் ஒன்று அந்த மற்றொரு பூன் லேயின் கப்பல் பட்டறைச் சாலை வரை வந்து முடிந்திருந்தது. அதில் பயணிகள் எவரும் ஏறியதில்லை. அது சரக்கு வண்டிகளுக்காக மட்டுமே போடப்பட்ட ஜூரோங் இருப்புப்பாதை. இன்று அதன் பெயரை அறிந்தோர் சிலரே. அது எங்கிருந்து புறப்பட்டது என்பதை அறிந்தோர் அவரினும் சிலர். அது புறப்பட்ட இடம் புக்கிட் தீமா என்னும் சிறு புகைவண்டி நிலையம்.

ஜூரோங் பாதை ஒரு நம்பிக்கையின் மீது போடப்பட்டது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டு, சதுப்பு நிலமும் சிறு குன்றுகளுமாய்க் கிடந்த ஜூரோங்கைத் தொழில் நகரமாக்கும் பணி தொடங்கிற்று. நிதியமைச்சராயிருந்த கோ கெங் சுவீயின் இம்முயற்சியை அவருடைய மடமை என்றே பலர் எள்ளினர். 1963இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தபோது அந்த எள்ளல் சற்றே அடங்கியது. ஜூரோங்கில் உருவாகும் பொருள்கள் ஒரே நாட்டின் பொதுச் சந்தைக்குச் செல்லும். தீபகற்பத்தின் மூலப்பொருள்கள் நேரே ஜூரோங்கிற்கு வரும். அதற்கு வாகனம் ரயில் என்பது கணக்கு. பிரதான இருப்புப்பாதையிலிருந்து ஒரு கிளை மேற்கு நோக்கி வெட்டப்பட்டது. வேலை முடியும் முன்னரே 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. பாதையோ அவ்வாண்டின் இறுதியில் ஓடத் தொடங்கி, 1966 மார்ச்சில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. பொதுச் சந்தையைக் கருதிப் போட்ட பாதை, அச்சந்தை பற்றிய கனவு கலைந்த பிறகு வண்டி கண்டது.

அதன் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். புக்கிட் தீமா நிலையத்தை விட்டுப் பிரிந்து, கிளமெண்டி சாலைக்கு அடியில் குடையப்பட்ட சுரங்கத்தின் வழியே நுழைந்து, சன்செட் வே வட்டாரத்தைத் தொட்டு, உலு பாண்டான் ஆற்றை இரும்புப் பாலத்தின் மேல் கடந்து, தேபான் கார்டன்ஸ் அருகே சென்று ஜூரோங்கின் ஆலைகளை அடைந்தது. ஆயின் வண்டிகள் எண்ணியபடி நிறையவில்லை. நல்ல சாலைகள் வந்தன; ஆலையின் வாயிலிலேயே ஏற்றி வாங்குபவரின் வாயிலிலேயே இறக்கும் லாரிக்கு முன், இடையில் இருமுறை சரக்கை மாற்ற வேண்டிய ரயில் நிற்க முடியவில்லை. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்த பின் கப்பல் வாணிகத்தின் முறையே மாறியது. 1990களின் தொடக்கத்தில் ஜூரோங் பாதை கைவிடப்பட்டது. பூன் லேயில் பயணிகள் ரயில் முழங்கத் தொடங்கிய காலமும் சரக்கு ரயில் மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

கிளை பட்டுப்போன பின்னும் கிளை பிரிந்த கணு இருபது ஆண்டுகள் உயிரோடிருந்தது. அக்கணுவாகிய புக்கிட் தீமா நிலையத்தின் கதை இனி.

சிங்கப்பூரில் புகைவண்டி ஓடியது 1903 ஜனவரி முதல் நாள். டேங்க் ரோட்டில் தொடங்கி, அது அன்று வந்து நின்ற இடம் புக்கிட் தீமா. அவ்வாண்டு ஏப்ரலில் பாதை வடக்கே உட்லண்ட்ஸ் வரை நீண்டது. டேங்க் ரோடு தமிழருக்குப் புதிதன்று. நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் நிற்பதும் அத்தெருவிலேயே. கடலைக் கடக்கப் பாலம் இல்லாத அக்காலத்தில் பயணிகள் உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேறி ஜொகூர் சென்றனர். 1923இல் கடற்பாலத்தின் மீது வண்டிகள் ஓடத் தொடங்கின. அதற்குள் நகரம் வளர்ந்துவிட்டது. தெருக்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பழைய பாதை போக்குவரத்துக்கு இடையூறாயிற்று. ஆகவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பழைய பாதையைக் கைவிட்டு, குவீன்ஸ்டவுன், அலெக்சாண்டிரா வழியே தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் புதுப்பாதை போடப்பட்டது. 1932 மே மாதம் தஞ்சோங் பகாரின் பெருநிலையம் திறக்கப்பட்டது. தூண்களும், வேளாண்மை, தொழில், வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகளும் உடைய அம்மாளிகையைப் பற்றி எழுதாத செய்தித்தாள் இல்லை. அதே புதுப்பாதைக்காக அதே ஆண்டில் எழுந்த புக்கிட் தீமாவின் செங்கல் கட்டடத்தைப் பற்றி எழுதியோர் இலர்.

எழுதுவதற்கு அதில் என்ன இருந்தது? ஒற்றைத் தளம், ஓட்டுக் கூரை, காற்றோட்டமான ஒரு கூடம், நிலைய அதிகாரிக்கு ஓர் அறை, தடம் மாற்றும் பொறிகளை இயக்கும் இரும்பு நெம்புகோல்களின் வரிசை, சற்றுத் தள்ளி ஊழியர் குடியிருப்பு. தமிழ்நாட்டில் தஞ்சை மாவட்டத்து ரயிலில் சென்றவர் எவரும் இத்தகைய நிலையம் பத்தையாவது கண்டிருப்பார். பெயர்ப்பலகையை நீக்கிவிட்டால் கடலுக்கு இப்பால் இருக்கின்றோமா அப்பால் இருக்கின்றோமா என்று ஐயுறவும் கூடும். இரு கரைகளிலும் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலமும் ஒன்றே, ஒரு மீட்டர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தொழிலாளி, துறைமுகம் வரை தன்னைக் கொணர்ந்த தென்னிந்திய ரயிலின் மீட்டர்ப் பாதையையே மலாயாவிலும் கண்டான்.

இந்நிலையம் எதற்காக இருந்தது என்பதே பலருக்கும் விளங்காத செய்தி. பயணிகள் ஏறி இறங்குவதற்கே நிலையம் என்று நாம் எண்ணுகிறோம். தீவின் குறுக்கே சென்ற இருப்புப்பாதை ஒற்றைப் பாதை. தெற்கிலிருந்து ஒரு வண்டியும் வடக்கிலிருந்து ஒரு வண்டியும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வருமாயின் இடையில் எங்கேனும் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஒதுங்குமிடம் புக்கிட் தீமா. ஒரு வண்டி பக்கப் பாதையில் காத்து நிற்க, மற்றது கடந்து செல்லும். எவர் முதலில் செல்வது, எவர் காப்பது என்பதைக் கண்மதிப்பாலோ வாய்ச்சொல்லாலோ முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கொடிய சான்று உண்டு. 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்விச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு புகைவண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். தந்திச் செய்தியைப் புரிந்துகொள்வதில் நேர்ந்த பிழையே காரணம். அவ்விபத்துக்குப் பின் எட்வர்டு டையர் என்பவர் மனிதனின் நினைவை நம்பாத ஒரு பொறியை அமைத்தார். உலகெங்கும் பல வடிவங்களில் பரவிய டோக்கன் முறையின் தொடக்கம் அது.

அதன் செயல் எளியது. ஒற்றைப் பாதையின் ஒரு பகுதிக்கு இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள், அவற்றை இணைக்கும் மின்கம்பி, பெட்டிகளுக்குள் டோக்கன்கள். ஒரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் வைக்கப்படும் வரை இரு பெட்டிகளிலிருந்தும் வேறொன்றை எடுக்க இயலாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வண்டியே அங்கே இருக்க முடியும். மலாயா ரயிலில் வழங்கியது சாவி வடிவ டோக்கன். அதை ஒரு தோற்பையிலிட்டு, பெரிய வளையம் ஒன்றில் பிணைத்திருப்பர். வண்டி நிலையத்தில் நிற்க வேண்டியதில்லை. வேகம் தணித்து வரும்போது ஓட்டுநர் பழைய வளையத்தைக் கீழே விடுவார். மேடையில் நிற்கும் ஊழியர் புதிய வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். அவர் தம் கையை நுழைத்து அதைப் பற்றிக்கொள்வார். இந்திய ரயில்களிலும் இதே வளையம் வழங்கிற்று. அங்குப் பல இடங்களில் உள்ளிருந்தது சாவிக்கு மாறாக உருண்டைப் பந்து. மலாயாப் பாதையின் பிற இடங்களில் மின்விளக்குகளும் கணிப்பொறியும் இவ்வழக்கை அகற்றிய பின்னும் புக்கிட் தீமாவில் 2011 வரை வளையம் கைமாறியது.

பயணிகளின் கண்ணுக்கு இது வேடிக்கை. பெட்டியில் உறங்கும் நூற்றுக்கணக்கானோர் புக்கிட் தீமாவைக் கடந்ததையே அறியார். அவர்கள் உயிரோடு கடந்ததற்கு அந்த வளையமும், நள்ளிரவில் அதைத் தூக்கிப் பிடித்து நின்ற ஒரு கையும் காரணம்.

அந்தக் கை பல காலம் தமிழரின் கை. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டபோதே இலங்கையிலிருந்து பயனியர் படையினரைக் கொண்டுவந்தனர். பின்னர் ஆங்கிலங்கற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பெருந்தொகையினராய் வந்தனர். பாதையைப் பேணும் உடலுழைப்போ தமிழ்நாட்டிலிருந்து வந்தோருக்கு உரியதாயிற்று. விடியற்காலையில் சுத்தியலும் திருகுசாவியும் ஏந்தித் தமக்குரிய தொலைவை நடந்தே சென்று, தளர்ந்த ஆணியை முடுக்கி, கட்டைகளுக்கு அடியில் சரளைக்கல்லை இடித்து நிரப்பி, புல்லைச் செதுக்கித் திரும்புவது அவர்தம் அன்றாட வேலை. ஒரே மொழி பேசிய இவ்விரு பிரிவினரும் ஒரே பாதையில் உழைத்தனர் என்பதால் ஒன்றாகக் கலந்து வாழ்ந்தனர் என்று கூறிவிட முடியாது. அதிகாரிக்குரிய வீடு வேறு, கூலிக்குரிய வரிசை வீடு வேறு. கல்வியும் ஊரும் சாதியும் அவ்வேறுபாட்டை மேலும் வளர்த்தன. ஆயினும் வண்டி தடம் புரளாமல் சென்றமைக்கு இருவரும் வேண்டியிருந்தனர்.

எழுத்தில் அவர்கள் விட்டுச் சென்றது குறைவு. கோயிலாக விட்டுச் சென்றது உண்டு. புதுப்பாதை திறந்த அதே 1932இல், குவீன்ஸ்வே அருகே குடியிருந்த மலாயா ரயில்வேயின் இந்திய ஊழியர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு குடிசைக் கோயில் அமைத்தனர். எல்லையைக் காக்கும் தெய்வத்தை இருப்புப்பாதையின் ஓரத்தில் நிறுத்தியது பொருத்தமே. இரவில் தனியே பாதையில் நடப்பவனுக்கு விளக்கு ஒன்று போதாது. காவல் தெய்வமும் துணைக்கு வேண்டும். நாளடைவில் அக்குடிசை பெருங்கோயிலாய் வளர்ந்து, சாலை விரிவுக்கு இடம் விட்டு, 1998இல் காமன்வெல்த் டிரைவில் புதிய கோபுரத்தோடு எழுந்தது. இன்று அங்கே வழிபட வருவோரில் தண்டவாளத்தை நினைப்போர் எத்தனை பேரோ!

மலாயாத் தமிழரும் ரயிலும் என்று சொன்ன மாத்திரத்தில் நம் எழுத்தாளர்கள் சயாம்–பர்மா மரண ரயிலைப் பற்றியே எழுதுகின்றனர். அது இயல்பு. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை, தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரின் புதைகுழி. புக்கிட் தீமாவும் அக்கதைக்குப் புறம்பானதன்று. சிங்கப்பூரில் சிறைப்பட்ட நேசநாட்டுப் போர்வீரர்களை 1942 ஜூன் முதல் இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சயாமுக்குக் கொண்டு சென்ற வண்டிகள் இந்த ஒற்றைப் பாதை வழியாகவே வடக்கே சென்றன. எனினும் மாண்டவர்களைப் பாடும் நாம், மாளாமல் காத்தவர்களைப் பதிவு செய்யத் தவறிவிட்டோம். விபத்து நிகழ்ந்த இடத்துக்கு வரலாறு உண்டு. விபத்து நிகழாத இடத்துக்கு வரலாறு எழுதுவாரில்லை. புக்கிட் தீமா அத்தகைய இடம்.

நிலையத்தில் ஏறியோரும் இறங்கியோரும் குறைவு. நகரத்தில் பேருந்து பெருகிய பின் உள்ளூர்ப் பயணத்துக்கு ரயிலை நாடுவார் அருகினர். ஒரு காலத்தில் இங்கே இறங்கிய சிறப்பு விருந்தினர் மனிதரல்லர், குதிரைகள். 1933இல் புக்கிட் தீமாவில் குதிரைப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. மலாயாவின் பிற நகரங்களிலிருந்து ரயிலேறி வந்த பந்தயக் குதிரைகளை இந்நிலையத்தில் இறக்கித் திடலுக்கு நடத்திச் சென்றனர். 1999இல் பந்தயம் கிராஞ்சிக்கு இடம் பெயர்ந்தது. குதிரை வந்த பெட்டியும் அதற்கு முன்பே லாரிக்கு வழிவிட்டது.

பயணிகள் இல்லாத நிலையம் எதற்கு என்னும் வினாவை ஜப்பானியர் வேறு வகையில் எதிர்கொண்டனர். வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில் ஷிராதாக்கி என்னும் பெயரைத் தாங்கிய சிற்றூர் நிலையங்கள் சில வரிசையாக இருந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டமையால் அவை ஆளரவமற்றுப் போயின. அவற்றுள் ஒன்று ஒரே ஒரு பள்ளி மாணவிக்காகவே திறந்து வைக்கப்பட்டுள்ளது என்று 2016இன் தொடக்கத்தில் ஒரு செய்தி உலகெங்கும் பரவிற்று, படித்தவர் நெகிழ்ந்தனர். செய்தி முழுதும் சரியன்று. பரவிய செய்தி காமி-ஷிராதாக்கி என்று பெயர் கூறியது. மாணவி வண்டி ஏறியதோ கியூ-ஷிராதாக்கியில். ஆயினும் அடிப்படை உண்மை உண்டு: பயணிகள் மிகக் குறைந்துவிட்ட மூன்று நிலையங்கள் பள்ளியாண்டு முடியும் 2016 மார்ச்சில் மூடப்பட்டன. அங்கே நிலையத்தின் மதிப்பு, அதில் ஏறிய கடைசி ஒருவரால் அளக்கப்பட்டது. புக்கிட் தீமாவின் மதிப்போ அதில் ஏறாமலே கடந்து சென்றவர்களால் அளக்கப்பட வேண்டியது. முதலாவது உள்ளத்தை உருக்கும். இரண்டாவதற்கு அத்தகைய கதைச்சுவை இல்லை. அதனாலேயே அது செய்தியாகாமல் போயிற்று.

இவ்வளவு சிறிய நிலையம் இரு நாட்டுப் பிரதமர்களின் ஒப்பந்தங்களில் இடம்பெற்றது என்றால் வியப்பாகத் தோன்றும். அதற்கான விதை 1918இல் ஊன்றப்பட்டது. அவ்வாண்டு சிங்கப்பூர் அரசு தன் ரயிலை மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்கு விற்றது. பாதைக்குரிய நிலங்களுள் பல 999 ஆண்டுக் குத்தகையாகக் கைமாறின. ஒரே ஆட்சியின் கீழ் இருந்தபோது இது ஓர் ஏட்டுக் கணக்கு. 1965க்குப் பின்னோ, தனி நாடாகிய தீவின் நடுவே வடக்கு தெற்காக அயல்நாட்டு நிறுவனத்தின் நிலம் ஒரு நாடாவைப் போல் கிடந்தது. புக்கிட் தீமா நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தவர் சிங்கப்பூரில்தான் நின்றார். ஆனால் சம்பளம் வாங்கிய ஊழியரும் எழுதப்பட்ட ஏடும் மலேசிய ரயில்வேயைச் சேர்ந்தவை.

1990 நவம்பர் 27ஆம் நாள், பிரதமர் பதவியினின்று விலகுவதற்கு முந்திய நாளில், லீ குவான் இயூ மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுடினுடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அதன்படி மலேசிய ரயில்வே தஞ்சோங் பகாரை விட்டு நீங்கி முதலில் புக்கிட் தீமாவுக்கு வர வேண்டும். பெருவிரைவு ரயில் உட்லண்ட்ஸை எட்டிய பின் அங்கே பெயர வேண்டும். அது நிறைவேறியிருந்தால், ஒதுங்குமிடமாக மட்டுமே இருந்த இச்சிறு நிலையம் சில ஆண்டுகளேனும் தீபகற்பத்து ரயிலின் தென்கோடி முனையமாக விளங்கியிருக்கும். நிறைவேறவில்லை. உடன்பாட்டுக்கு இரு தரப்பும் வெவ்வேறு பொருள் கொண்டன. பெருவிரைவு ரயில் 1996இல் உட்லண்ட்ஸை அடைந்தது. 1998 ஆகஸ்ட் முதல் நாள் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியாவோ தன் சோதனையைத் தஞ்சோங் பகாரிலேயே நடத்தி வந்தது. அதனால் ஒரு புதுமை: வடக்கே செல்லும் பயணி சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாக முத்திரை பெறுவதற்கு முன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவராகக் கருதப்பட்டார். சட்டத்தின் கண்ணில் இரு நாட்டிலும் ஒருங்கே இருந்தபடியே அவர் புக்கிட் தீமாவைக் கடந்தார்.

இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் 2010 மே 24ஆம் நாள் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் இணக்கம் கண்டனர். இடையில் பேச்சுவார்த்தையின் முடிச்சுகளுள் ஒன்றாய் இருந்தவை புக்கிட் தீமாவைச் சேர்ந்த மூன்று நிலத்துண்டுகள். 1990இன் உடன்பாட்டில் குறிக்கப்பட்ட தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்களோடு இம்மூன்றும் சேர்க்கப்பட்டு, ஈடாக மரினா சவுத்திலும் ஓபிர்–ரோச்சோரிலும் ஆறு மனைகள் இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்படுவதாயின. புல் முளைத்துக் கிடந்த பக்கப் பாதைக்கு ஈடாக நகரின் நடுவே வானளாவும் கட்டடங்கள்!

ரயில் நீங்கும் நாள் குறிக்கப்பட்டதும் அதுவரை புக்கிட் தீமாவின் பக்கம் திரும்பாதவர்கள் திரளாக வந்தனர். படப்பெட்டியும் குழந்தைகளுமாய் மேடையெங்கும் கூட்டம். வளையம் கைமாறும் அந்த ஒரு நொடியைப் படமெடுக்க அவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தனர். எண்ணற்ற படங்கள் இன்று கிடைக்கின்றன. ஆயின் வளையத்தை நீட்டி நிற்பவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிய பக்கங்கள் அவற்றோடு ஒப்பிடும் அளவில் இல்லை. ஓய்வு பெற்றவர் பலர் மலேசியாவின் ஊர்களில் வாழ்கின்றனர். சிங்கப்பூர் நூலகத்தின் வாய்மொழிப் பதிவுகளுக்கும் கோலாலம்பூரின் ரயில்வே ஏடுகளுக்கும் இடையே, எந்த நாட்டின் வரலாற்றிலும் முழுமையாக இடம்பெறாதவர்களாக அவர்கள் இருக்கின்றனர். தமிழில் அவர்தம் நினைவுகளைத் தொகுக்கும் பணிக்கு இன்னும் காலம் இருக்கின்றது, மிகுதியாக இல்லை.

2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தர் தாமே ஓட்டிச் சென்றார். அவருடைய முன்னோராகிய சுல்தான் இப்ராஹிமின் காலத்தில் கடற்பாலம் கட்டப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. பாதை நெடுகிலும் மக்கள் நின்று கையசைத்தனர். அந்த வண்டி புக்கிட் தீமாவைக் கடந்த பிறகு, அங்கே எதிர்வரும் வண்டிக்காக எதுவும் ஒதுங்கி நிற்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று.

ஜூலை முதல் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு மலேசியாவுக்கு அனுப்பப்பட்டன. நிலையக் கட்டடமும், சாலைகளின் மேல் கருநிறத்தில் நிற்கும் இரு இரும்புப் பாலங்களும், நிலையத்தை ஒட்டிய சிறு தண்டவாளத் துண்டும் பாதுகாக்கப்பட்டன. 24 கிலோமீட்டர் நீண்ட பழைய பாதை நடைபாதையாகவும் மரச்சோலையாகவும் ஆயிற்று. 2022 ஜூலை முதல் நாள் புக்கிட் தீமா நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஊழியர் குடியிருப்பு சிற்றுண்டிச் சாலையாகியது. கட்டடத்துக்குள் அதன் வரலாற்றைக் கூறும் காட்சிகள் வைக்கப்பட்டன. வார இறுதியில் அங்கே கூடும் மக்கள், ரயில் ஓடிய எந்த ஆண்டிலும் அங்கு ஏறி இறங்கியோரை விட மிகுதியாக இருக்கக் கூடும்.

பூன் லேயை நோக்கிப் பிரிந்த கிளைக்கு அத்தகைய பேணுதல் வாய்க்கவில்லை. நிலையத்தின் தெற்கே அது திரும்பிய இடத்தைக் கிளமெண்டிக் காடு மூடிக்கொண்டது. சுரங்கம் இருக்கின்றது, உலு பாண்டான் ஆற்றின் மேல் பாலமும் இருக்கின்றது. அதற்கு மேற்கே பாதை பெரும்பாலும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் மறைந்துவிட்டது. கப்பல் பட்டறைச் சாலையில் இன்று சரக்கு லாரிகள் செல்கின்றன.